பித்தளைக் கொண்டி

“கையை மட்டும் எடுத்துராத” என்று சொல்லிவிட்டுக் கஸ்மீர் ஏணியில் ஏறிப் போனானோ இல்லையோ, ஜெனோவாவுக்கு மூக்கு அரித்தது. காலையிலிருந்து அரிக்காத மூக்கு. இரண்டு கையும் மணிக்கட்டுக்கு மேல்வரை கிரீஸ். குளிர்ந்த இரும்புத் தண்டைச் சுற்றித் திணித்த துண்டை அந்தக் கைகள் அழுத்திக்கொண்டிருக்க, மூக்கைத் தோளில் தேய்க்கலாமா, தேய்த்தால் கை நகருமா, நகர்ந்தால் தண்ணீர் வருமா என்று யோசித்தபடி அவள் படகின் பின்பக்கக் குழிக்குள் முடங்கிக் கிடந்தாள். ஒரு முட்டி மரச்சட்டத்தில் ஊன்றியிருந்தது. மற்றக் கால் எண்ணெய் மிதக்கிற தண்ணீரில். தலைக்கு மேலே பலகை இடிக்காமல் இருக்கக் கழுத்தை ஒடித்து வைத்திருந்தாள், பையில் போட்டுக் கொண்டுபோகிற கோழி மாதிரி. அந்தத் தண்டுதான் எஞ்சினிலிருந்து புறப்பட்டு, படகின் வயிற்றைத் துளைத்து வெளியே போய்த் தண்ணீருக்குள் விசிறியைச் சுற்றுகிறது. தண்டு வெளியே போகிற துவாரத்தில், தண்ணீர் உள்ளே வராதபடி கொழுப்பில் ஊறிய கயிற்றை வளையம் வளையமாக அடைத்திருப்பார்கள். பேக்கிங் என்பான் கஸ்மீர். பழைய பேக்கிங் நைந்துபோய்ச் சொட்டிக்கொண்டே இருந்ததால் இன்று கொக்கி போட்டு ஒவ்வொரு வளையமாக உருவினான். கடைசி வளையமும் வெளியே வந்து, தண்ணீர் அவன் முகத்தில் பீய்ச்சிய பிறகுதான் வாங்கி வைத்திருந்த புதுக் கயிறு தடிமன் என்று தெரிந்தது. துவாரத்துக்குள் போகவே மாட்டேன் என்றது. மேலே வைத்து இறுக்குகிற மூடியின் போல்ட்டும் துருவோடு முறிந்து கையோடு வந்துவிட்டது. நைட்டிக்கு மேலே அவள் போட்டிருந்த துண்டை உருவி, கிரீஸில் முக்கி, அங்கே திணித்து, அவள் கைகளைப் பிடித்து அதன்மேல் வைத்தான். “இப்படி அமுக்கிக்க. பஜாருக்குப் போயி சரியான கயிறும் ஒரு போல்ட்டும் வாங்கிட்டு ஓடி வந்துருதேன்.” எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். “வள்ளத்துல கரைக்குப் போவணும், பைக்க எடுக்கணும், கடைக்காரன் சோத்துக்குப் போயிருக்கக் கூடாது. நீ ஒரு செபமாலை சொல்லி முடிக்கதுக்குள்ள வந்துருவேன்.” கை எடுத்தால் என்னவாகும் என்று கேட்டாள். “எடுத்தாலா? நீ, நான், பாப்பா, மொதலாளி சோபா, எல்லாம் மீனுக்கு விருந்துதான்” என்று சிரித்தான். அவன் எல்லாவற்றுக்கும் சிரிப்பான். கல்யாணத்துக்கு முன்னால் அது பிடித்திருந்தது. இப்போது எது வேடிக்கை, எது நிஜம் என்று அந்தச் சிரிப்பைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பதே அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

துடுப்புச் சத்தம் தேய்ந்து போயிற்று. அதற்குப் பிறகு படகின் அடியில் தண்ணீர் நக்குகிற சத்தம் மட்டும். பாப்பா தூங்குகிறாள். மேலே அறையில், கீழே விரித்த மெத்தையில், இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்து, வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்குகிறாள். கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டுத்தான் ஜெனோவா இறங்கினாள். போட்டாள். டக் என்று சத்தம் கேட்டது. கேட்டதா? கதவைத் தாண்டினால் பக்கத்து நடைபாதை, நடைபாதையைத் தாண்டினால் கைப்பிடிக் கம்பி, கம்பியைத் தாண்டினால் தண்ணீர். ஆனால் கம்பி இப்போது அங்கே இல்லை. வெல்டிங் விட்டுப்போயிற்று என்று கஸ்மீர் நேற்றுத்தான் கழற்றிக் கரைக்குக் கொண்டுபோனான். அந்த இடத்தில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டிவிட்டு, “இது போதும், யானையா வரப்போவுது?” என்றான். யானை வராது. தவழத் தொடங்கி ஒரு வாரமான ஒரு குழந்தை வரலாம். அதுவும் முன்னால் தவழத் தெரியாத குழந்தை. கையை ஊன்றி உந்தினால் பின்னால்தான் போகும், ரிவர்ஸ் எடுக்கிற லாரி மாதிரி, போக வேண்டிய பொம்மையைப் பார்த்துக்கொண்டே அதைவிட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருக்கும், போகப்போக அழும். கஸ்மீர் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். நைலான் கயிற்றுக்கும் தளத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அப்போதே பார்த்தாள். பாப்பாவின் தலை நுழையும். தலை நுழைந்தால் எல்லாம் நுழையும் என்று பிரசவ வார்டில் நர்ஸம்மா சொன்னது சம்பந்தமில்லாமல் நினைவுக்கு வந்தது. சம்பந்தமில்லாமலா? சீ. கொண்டியைப் போட்டாள். கண்ணுக்குள் தெரிகிறதே, இடது கையில் பாப்பாவின் ஈரத்துணி, வலது கையால் கொண்டியைத் தூக்கி வளையத்தில் மாட்டுகிறாள். ஈரத்துணி நேற்றா, இன்றைக்கா?

ட்ராலர் என்று பெயர்தானே தவிர, இது மீன் பிடிக்கிற படகு இல்லை. மீன்பிடிப் படகு மாதிரி வயிறு பெருத்து, உள்ளே மெத்தையும் அடுப்பங்கரையும் குளியலறையும் வைத்து, எந்தக் காலத்திலோ எந்த நாட்டிலோ பணம் படைத்தவர்கள் ஊர் சுற்றக் கட்டியது. கை மாறி மாறிக் கடைசியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் வந்தது. அவருக்குப் பம்புசெட் கம்பெனி. வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு வந்து தளத்தில் உட்கார்ந்து மிக்சர் தின்றுவிட்டுப் போவார். மீதி நாளெல்லாம் தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தை ஒட்டிக் கடல் உள்ளே புகுந்து கிடக்கிற இந்தக் கழியில் படகு நிற்கும். கஸ்மீர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சம்பளமும் இருக்க இடமும். “பொண்ணுக்கு வீட்டைச் சுத்திக் கடலு, ஏசி ரூமு, குடுத்து வச்சவ” என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். ஏசி ஓடாது. ஓட்டினால் பேட்டரி இறங்கிவிடும். பேட்டரி இறங்கினால் அடியில் ஊறுகிற தண்ணீரை இறைக்கிற பம்பு நின்றுவிடும். பம்பு நின்றால், என்று அப்படியே போகும் இந்த வீட்டில் எல்லாமே, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று, கடைசியில் போய் நிற்கிற இடம் எப்போதும் தண்ணீர்தான். கல்யாணமாகி வந்த வீடு மிதந்தது. மிதக்கிற வீட்டில் வேலை முடிவதே கிடையாது. மேலே வெயிலில் வார்னிஷ் உரியும், உரிந்ததைச் சுரண்டி உப்புத்தாள் போட்டு மறுபடி பூசுவதற்குள் அடியில் கொட்டலசுச் சிப்பி ஒட்டும். கஸ்மீர் மூச்சைப் பிடித்து முங்கி அதைச் சுரண்டிவிட்டு வருவதற்குள் ஜன்னல் ரப்பர் வெடிக்கும். உப்பளத்துக் காற்று வேறு. வெள்ளைத் துணியைக் காயப்போட்டால் விறைத்துத் தானாக நிற்கும். பித்தளையெல்லாம் பச்சையாகப் பூத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை முதலாளி வருகிறார், பித்தளை பளபளவென்று இருக்க வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தார். பம்பு முதலாளியின் படகில் பம்புதான் ஓடாது என்பது கஸ்மீரின் பழைய வேடிக்கை. ஓடும், ஆனால் தண்ணீர் ஏறும்போது எழும்ப வேண்டிய மிதவை சிக்கிக்கொள்ளும். யாராவது ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அந்த மிதவை இதோ, அவள் நனைந்த காலுக்குப் பக்கத்தில், கறுப்பாக, தூங்குகிற தவளை மாதிரி.

வலது ஆள்காட்டி விரல் எரிந்தது. கிரீஸுக்குள்ளே தனியாக ஒரு புள்ளி எரிச்சல். எங்கே வெட்டிக்கொண்டாள்? நெத்திலி ஆய்ந்தபோது முள் குத்தியிருக்கும். நெத்திலி முந்தாநாள். தேங்காய் துருவினபோதா? இன்று தேங்காய் துருவவில்லை. எரிச்சலில் ஒரு புளிப்பு வாடையும் இருந்தது போலிருந்தது. எரிச்சலுக்கு வாடை உண்டா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மூக்கு அரிப்பு இப்போது முதுகுக்குப் போய்விட்டது. எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குப் புதிதில்லை. ஏழாவது படிக்கும்போது நற்கருணைப் பவனியில் மாதா கொடியின் குஞ்சக் கயிற்றைப் பிடிக்க அவளை நிறுத்தினார்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு பெண்கள். சிஸ்டர் பிளாண்டினா வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கயிற்றைச் சுற்ற வைத்து, “ஜெனோவா, டோன்ட் லெட் கோ” என்றார். பள்ளி மைதானத்துக்குள் பவனி திரும்பும்போது மழை அடித்தது. சிஸ்டர்மார் நற்கருணைக்குக் குடை பிடித்துக் கோயிலுக்குள் ஓடினார்கள், பிள்ளைகள் வராந்தாவுக்கு ஓடினார்கள், மற்ற மூன்று பேரும் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். அவள் மட்டும் கொடியின் ஒரு மூலையை இழுத்துப் பிடித்தபடி, கொடிக்கம்பு தூக்கியிருந்த வாட்ச்மேன் தாத்தாவோடு மைதானத்தின் நடுவில் நின்றாள். தாத்தாவுக்குக் காது கேட்காது. அவரும் நின்றார். காய்ச்சல் விட்டுப் பள்ளிக்குப் போனதும் சிஸ்டர் அவளை வகுப்பின் முன்னால் நிறுத்தி, பிடிக்கச் சொன்னதைக் கடைசிவரை பிடித்த பெண் என்று சொல்லி ஒரு மாதா படம் கொடுத்தார். வீட்டில் காய்ச்சலோடு கிடந்தபோது அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே, “விட்டுட்டு ஓடி வர வேண்டியதுதானட்டி, லூசு” என்றாள். “யாரும் விடச் சொல்லலையேம்மா.” பெண் பார்க்க வந்தவர்களிடம் அதே அம்மா அதே கதையைப் பெருமையாகச் சொன்னாள். கஸ்மீர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்தக் கதைக்காகத்தான் கட்டினேன், நமக்குப் போட்டுல கயிறு பிடிக்க ஆள் வேணும்லா என்று பிறகு ஒருநாள் சொன்னான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். வேடிக்கைக்குத்தானா?

கொச்சியை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தாள், அதனால் அது வந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் படகைக் கொச்சிக்குக் கொண்டுபோய், தண்ணீரிலிருந்து தூக்கி, அடிப்பலகை எல்லாம் மாற்ற வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கே அலை ஒரு பக்கமிருந்து வராது, எல்லாப் பக்கமிருந்தும் வரும் என்று கஸ்மீரே கல்யாணமான புதிதில் கதை சொல்லியிருக்கிறான், அவள் பயந்து ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. இன்று காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே, “வீட்டையே ஓட்டிக்கிட்டுப் போறேன், வீட்டுக்காரிய விட்டுட்டா போவேன்? பாப்பாவுக்குக் கடலு பழகட்டும், என்ன?” என்றான். அவள் “ம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த “ம்”முக்குள்ளே என்னென்ன இருந்தது, தூங்க முடியாமல் பம்புச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடக்கிறது, பாப்பா இருமினால் அவளைத் தூக்கிக்கொண்டு எந்தக் கரைக்கு ஓடுவேன் என்கிறது, முன்னைவிடப் பம்பு சீக்கிரம் சீக்கிரம் ஓடுகிறதே கவனித்தீர்களா என்கிறது, எல்லாம் இருந்தது, ஆனால் வெளியே வந்தது “ம்”. அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு இன்னொரு இட்லி வைத்துக்கொண்டான். முடியாது என்று ஒரு சொல் இருக்கிறது. பள்ளியில் “நோ சிஸ்டர்” என்று சொல்லத்தான் செய்தார்கள். பேசினாயா, நோ சிஸ்டர். சுவரில் கிறுக்கினாயா, நோ சிஸ்டர். செய்யவில்லை என்று சொல்வதற்கு அந்தச் சொல்லைக் கற்றுக் கொடுத்தார்கள். செய்ய மாட்டேன் என்று சொல்வதற்குக் கொடுக்கவில்லை. துண்டுக்குள்ளிருந்து ஒரு சொட்டு உள்ளங்கை வழியாக முழங்கைக்கு ஓடி விழுந்தது. இன்னும் கொஞ்சம் அமுக்கினாள். அமுக்க அமுக்க, வெளியே இருக்கிற கழி முழுவதும், அதற்கு அப்பால் இருக்கிற கடல் முழுவதும் இந்தத் துண்டின் மறுபக்கத்தில் முகத்தை வைத்து அமுக்குகிற மாதிரி இருந்தது.

அப்போது பாப்பா அழுதாள். முதலில் சிணுங்கல், பிறகு ஒரு நிறுத்தம், பிறகு முழுக் குரல். ஜெனோவாவின் மார்பு இரண்டும் ஒரே நேரத்தில் கூசிச் சுரந்து நைட்டியின் முன்பக்கம் நனைந்தது. வெட்கமாக இருந்தது, யாரும் இல்லாத குழிக்குள்ளே. உள்ளே வருவதை இரண்டு கையாலும் அடைத்துக்கொண்டிருக்கிறாள், வெளியே போவதை அடைக்கக் கை இல்லை. “அம்மா இங்கதான் இருக்கேன், செல்லம்! அம்மா இங்க இருக்கேன்!” பலகையில் முட்டிக் குரல் தனக்கே திரும்பியது. மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்த செபமாலையை எந்த இடத்தில் விட்டாள்? இரண்டாம் மறையுண்மையா, மூன்றா? அருள் நிறைந்த மரியே, கொண்டியைப் போட்டேன், கர்த்தர் உம்முடனே, டக் என்று கேட்டது. அழட்டும். அழுகிறவரை பயமில்லை. அழுகை மெத்தையிலிருந்துதான் வருகிறது. தலையணைக்கு மேலே வந்தால் சத்தம் வேறு மாதிரி வரும். வேறு மாதிரி வருகிறதா? கிட்டே வருவது போலிருக்கிறதே. பின்பக்கமாக உந்தி உந்தி வருகிறாளா, அழுதுகொண்டே, மெத்தையைப் பார்த்தபடி, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு? போகட்டும், கதவில் இடித்து நிற்பாள். கொண்டி இருக்கிறது. அழு கண்ணே, இன்னும் கொஞ்சம் அழு, நிறுத்தாதே. எந்தத் தாயாவது பிள்ளை அழ வேண்டும் என்று வேண்டிக்கொள்வாளா? கஸ்மீர் கடையில் நிற்பான். கடைக்காரன் சோத்துக்குப் போயிருப்பான். கஸ்மீர் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொண்டு யாரிடமாவது வேடிக்கை பேசுவான், பொண்டாட்டிய போட்டுக்கு மூடியாப் போட்டுட்டு வந்திருக்கேன் என்று. சொல்வான். கட்டாயம் சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள்.

அழுகை நின்றது.

தேய்ந்து நிற்கவில்லை. கத்தரித்த மாதிரி நின்றது. ஜெனோவா மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டாள். தண்ணீர் நக்குகிற சத்தம். எங்கோ உப்பளத்தில் லாரி. தண்ணீரில் எதுவும் விழுகிற சத்தம் கேட்டதா? கேட்கவில்லை. குழந்தை விழுந்தால் எவ்வளவு சத்தம் கேட்கும்? ஒரு தேங்காய் விழுகிற சத்தமா, அதைவிடக் குறைவா? “பாப்பா! பிலோமி!” ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையைக் கூப்பிடுவது போல. ஒன்றுமில்லை. தூங்கியிருப்பாள். அழுதுகொண்டே தூங்குவாள், கட்டை விரல் வாய்க்குப் போய்விட்டால் சட்டென்று அடங்குவாள். கொண்டி இருக்கிறது. வலது கை கொண்டியைத் தூக்குகிறது, வளையத்தில் விடுகிறது, டக். இன்னொரு தடவை நினைத்துப் பார்த்தாள். கொண்டி பச்சை பூத்துக் கறுத்துக் கிடக்கிறது, வளையத்தில் விடுகிறது, டக். பச்சை பூத்து. விரல் எரிந்தது. புளிப்பு வாடை. பச்சை பூத்த கொண்டி என்றால் நேற்றைய கொண்டி. ஏனென்றால் இன்று காலை இட்லி தின்ற தட்டைக் கழுவினதும் முதலாளிக்காகப் பித்தளை தேய்க்க உட்கார்ந்தாள். குழாய்ப் பிடி, துணிக் கொக்கி, ஜன்னல் குமிழ், எல்லாவற்றையும் கழற்றிப் புளித்தண்ணீரில் போட்டாள். கதவிலிருந்த கொண்டியின் திருகாணி வரவில்லை. ஸ்க்ரூடிரைவரை அழுத்தினாள், அது வழுக்கி விரலில் இறங்கியது, ரத்தத்தை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே மறுபடி அழுத்திக் கழற்றினாள், ஊறட்டும் என்று கிண்ணத்தைக் கொண்டுபோய் வெளியே நடைபாதையில் வெயிலில் வைத்தாள். அப்போதுதான் பின்னாலிருந்து கஸ்மீர் கத்தினான், ஜெனோ, தண்ணி வருது, ஓடி வா என்று. ஓடி வந்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். கதவில் கொண்டி இல்லை. கொண்டி புளித்தண்ணீரில் கிடக்கிறது.

கை எடுப்பது என்று அவள் முடிவு செய்யவில்லை. முடிவு செய்ய உட்கார்ந்திருந்தால் இன்னும் உட்கார்ந்திருப்பாள். மீனுக்கு விருந்து என்று கஸ்மீர் சொன்னது, டோன்ட் லெட் கோ, யாரும் விடச் சொல்லலையே, எல்லாம் ஒரே நேரத்தில் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தபோதே கைகள் தாமாக வெளியே வந்துவிட்டிருந்தன, கறுப்பாக, வேறு யாருடைய கைகள் மாதிரியோ. துண்டு மெதுவாகப் பிதுங்கியது. படகு ஒரே பக்கமாகச் சாய்ந்து கடல் உள்ளே பாயும் என்று கண்ணை மூடினாள். பாயவில்லை. தண்டைச் சுற்றி ஒரு வளையமாகத் தண்ணீர் வழிந்தது. தெருக்குழாயில் சாயங்காலம் வருகிற அளவு. ஒரு குடம் நிறையக் காத்துக்கொண்டு நிற்க வேண்டிய அளவு. அவ்வளவுதானா? அதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. காலால் மிதவையை ஒரு உதை விட்டாள். பம்பு இருமிக்கொண்டு எழுந்து ஓடத் தொடங்கியது. ஏணியில் கிரீஸ் கை வழுக்கி முட்டியில் தோல் உரிந்தது. மேலே வெயில் கண்ணில் அடித்தது, வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள், பளபளவென்று கழி.

கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது. மெத்தையில் பாப்பா இல்லை. நடைபாதையில் இருந்தாள். பின்பக்கமாகவே வந்து, வாசலைத் தாண்டி, நைலான் கயிற்றை நோக்கிப் போய், போகிற வழியில் வெயிலில் வைத்த கிண்ணத்தில் இடித்து அதைக் கவிழ்த்து, பழுப்புப் புளித்தண்ணீரின் நடுவில் சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுக்கும் கழிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. வாயில் கொண்டி. நீளமான பித்தளைக் கொண்டியை இரண்டு கையாலும் புல்லாங்குழல் மாதிரி பிடித்து ஈறால் கடித்துக்கொண்டு, புளிப்பில் ஒரு கண்ணை மூடி, உடம்பைச் சிலிர்த்து, பிறகு மறுபடியும் கடித்தாள். அழுவதற்கு அவளுக்கு நேரமில்லை. ஜெனோவா கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஆசையாக உந்துவாள், உந்தினால் பின்னால்தான் போவாள். வயிற்றால் ஊர்கிற மாதிரி போய்ச் சட்டையின் முதுகைக் கொத்தாகப் பிடித்து இழுத்து மடியில் போட்டாள். சட்டையில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. கொண்டியைப் பிடுங்கியதும் பாப்பா வீரிட்டாள். அதைவிட நல்ல சத்தத்தை ஜெனோவா அதுவரை கேட்டதில்லை. புளியும் கிரீஸும் பாலும் கண்ணீரும் ஒன்றாகி வழிய, கதவில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்து பால் கொடுத்தாள். கீழே பம்பு ஓடிக்கொண்டிருந்தது. படகின் பக்கவாட்டில் குழாய் கழிக்குள் தண்ணீரைத் துப்பியது, கொஞ்சம் நிறுத்தியது, மறுபடி துப்பியது. நிறுத்துகிறது. நிறுத்துகிறது என்றால் உள்ளே தண்ணீர் தீர்ந்துபோகிறது. வருகிறதைவிடப் போகிறது அதிகம். இதைக் கூட்டிக் கழிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். அவளுக்கு மூக்கு அரித்தது. நிதானமாகச் சொறிந்துகொண்டாள். அப்படியானால் நான் எதைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டுக்கொண்டாள், உப்புக் குவியலைப் பார்த்து. பயம் போகவில்லை. அது பாப்பாவின் எடையோடு மடியில் அப்படியே இருந்தது. ஆனால் அதற்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது. கயிற்றுக்கும் தளத்துக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளி. மற்ற இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

வள்ளம் வந்து இடித்தது. கையில் கயிற்றுச் சுருளோடு ஏறிய கஸ்மீர் அவளைக் கண்டதும் அப்படியே நின்றான்.

“ஏட்டி, நீ இங்க என்ன செய்யுத? கையை எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன்.”

அவன் குழிக்கு ஓடினான். அவள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போய், மேலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று தண்டைப் பார்த்தான், பம்பைப் பார்த்தான், மறுபடி தண்டைப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பில்லாத அந்த முகத்தை அவள் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை, சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது.

“எடுத்து ரொம்ப நேரம் ஆச்சா?”

“பாப்பா பால் குடிச்சு முடிச்சாச்சு.”

“ஒண்ணும் ஆகலியா?”

அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவன் கேட்டான். இவனுக்கும் தெரியாது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எடுத்தால் முழுகிவிடும் என்று இவனிடமும் யாரோ சொல்லியிருக்கிறார்கள், இவனும் கேட்டுக்கொண்டிருக்கிறான், சிரித்துக்கொண்டே. கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. பிதுங்கிக் கிடந்த துண்டை அவசர அவசரமாகப் பழையபடி திணித்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கிக்கொண்டு நிமிர்ந்தான்.

“கொண்டியைக் கழட்டி ஊறப்போட்டிருந்தேன். கதவு தொறந்து கெடந்துச்சு. கம்பி இல்லாத எடத்துல போயி ஒக்காந்திருந்தா இவ” என்றாள். சாதாரணமாகத்தான் சொல்ல நினைத்தாள். கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது.

கஸ்மீர் பாப்பாவைப் பார்த்தான். சட்டையில் பதிந்திருந்த ஐந்து விரலைப் பார்த்தான்.

“நாளைக்கே கம்பிய மாட்டிருதேன், ஜெனோ.”

“மாட்டுங்க. கொச்சிக்கு நாங்க வரல.”

“என்னது?”

“நானும் பாப்பாவும் வரல. அம்மா வீட்ல இருக்கோம். அடிப்பலகை மாத்தி, கம்பி மாட்டி, கதவுக்குக் கொண்டி மாட்டிட்டுச் சொல்லுங்க, வாரோம்.”

“காலைல கேட்டப்ப ம்முன்னியே?”

“ம்முன்னுதான் சொன்னேன். வாரேன்னு சொல்லல.”

“சரி, அதப் பொறவு பேசுவோம். மொதல்ல அந்தக் கயித்த எடுத்து ஒரு வளையம் வெட்டிக் குடு, தண்ணி வருது பாரு.”

“பொறுங்க. இவளுக்கு மறுபக்கம் குடுக்கணும்.”

அவள் கதவோரம் போய் உட்கார்ந்தாள். பாப்பாவை இடம் மாற்றிப் போட்டாள். கொண்டியை எடுத்து நைட்டியில் துடைத்தாள். புளி பட்ட பாதி தங்கம் மாதிரி மின்னியது. ஈறு பட்ட முனை அதைவிட மின்னியது. கீழேயிருந்து குரல் வந்தது, சிரிக்கப் பார்த்துச் சிரிப்பு வராத குரல்.

“ஏ ஜெனோ, மூக்கு அரிக்குதுட்டி. சீக்கிரம் வா.”

“கையை எடுத்துச் சொறிஞ்சுக்கிடுங்க” என்றாள். “ஒண்ணும் ஆகாது.”

கீழே அவன் மூக்கைத் தோளில் தேய்த்து உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. குழாய் துப்பியது, நிறுத்தியது, மறுபடி துப்பியது. பாப்பா நிதானமாகக் குடித்தாள். அவன் கையை எடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.